ஏன் ஒன்பது நாடுகளிடம் மட்டும் அணுகுண்டு? பன்னாட்டு அரசியலில் ஒரு கோட்பாடு உருவாகும் விதம்

1963 மார்ச் மாதம் பத்திரிகையாளர்களைச் சந்தித்த அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, தன் மனதை அரிக்கும் ஒரு கவலையைச் சொன்னார். அப்போது அணு ஆயுதம் வைத்திருந்தவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ். 1970-களில் இந்த எண்ணிக்கை 15, 20, ஏன் 25 வரைகூடப் போய்விடலாம் என்று அவர் அஞ்சினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்று எண்ணிக்கை ஒன்பதில் நிற்கிறது.

இது சாதாரணப் புதிர் இல்லை. ஜப்பானிடமும் ஜெர்மனியிடமும் பணம், தொழில்நுட்பம், விஞ்ஞானிகள் எல்லாம் உண்டு, குண்டு இல்லை. பஞ்சத்தில் அடிபட்ட வட கொரியா செய்துவிட்டது. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து வைத்திருந்து, பிறகு தானே பிரித்துப் போட்டது. இதையெல்லாம் சேர்த்து விளக்க என்ன வழி? அந்த வழிதான் இந்தக் கட்டுரையின் பொருள். பன்னாட்டு அரசியல் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். ஆனால் ஒரு விளக்கத்தை எப்படிக் கட்டுவது, கட்டியதை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

## கோட்பாடு என்றால் எது இல்லை

"அதெல்லாம் தியரி, நடைமுறை வேற" என்று சொல்வோம். அந்தப் பேச்சில் கோட்பாடு என்பது காற்றில் கட்டிய கோட்டை. உண்மையில், "எல்லாம் எண்ணெய்க்காகத்தான் நடக்கிறது" என்று சொல்கிறவர் கையிலும் ஒரு கோட்பாடு இருக்கிறது. அவர் அதை எழுதி வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று விஷயங்களைக் கோட்பாட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, வரலாறு. "இன்ன தேதியில் இன்னது நடந்தது, அடுத்து இது நடந்தது" என்று வரிசையாகச் சொல்வது பயனுள்ள வேலை. ஆனால் அது ஒரே ஒரு நிகழ்வின் கதை. கோட்பாடு அதே மாதிரியான பல நிகழ்வுகளுக்குப் பொதுவான காரணத்தைத் தேடுகிறது.

இரண்டு, ஆரூடம். "அடுத்த வருடம் போர் வருமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே அரசியல் ஆய்வாளரின் வேலை என்று தொலைக்காட்சி விவாதங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. கோட்பாடு எதிர்காலத்தைப் பற்றியும் எதையாவது சொல்லியாக வேண்டும், உண்மைதான். ஆனால் அது சொல்வது "இந்த நிலைமை இருந்தால் இந்தப் பக்கம் அழுத்தம் கூடும்" என்கிற அளவில்தான். நாள் குறித்துச் சொல்வது அதன் வேலை அல்ல.

மூன்றாவதுதான் அதிகச் சண்டையைக் கிளப்புகிறது: நியாயப்படுத்தல். ஒரு நாடு ஏன் படையெடுத்தது என்று காரணம் சொன்ன உடனே, "அப்போ நீ அவங்க பக்கமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவரை யாரும் கிருமியின் ஆதரவாளர் என்று சொல்வதில்லை. போர் விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமை நமக்கு வாய்ப்பதில்லை. காரணம் தெரியாமல் கண்டனம் மட்டும் செய்தால், அடுத்த முறை அதைத் தடுக்க எங்கே கை வைக்க வேண்டும் என்றே தெரியாமல் போகும்.

## ஒரு தெருவின் போர்வெல்கள்

சரி, கோட்பாடு எப்படி இருக்கும்? நம் ஊர்த் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் போர்வெல். 150 அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒருவர் வீட்டில் மாடி கட்டினார், குடித்தனம் கூடியது, 300 அடிக்கு இறக்கினார். அவர் உறிஞ்ச உறிஞ்ச, பக்கத்து வீட்டில் மட்டம் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் 400 அடிக்குப் போனார். நான்கைந்து வருடத்தில் தெரு முழுக்க 600, 700 அடி. எல்லோரும் கடன் வாங்கிச் செலவு செய்தாயிற்று. யாருக்கும் முன்பைவிட அதிகத் தண்ணீர் இல்லை.

யார் பேராசைக்காரர்? அநேகமாக யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான் செய்தார்கள். ஆழத்துக்குக் கட்டாயமாக எல்லை வைக்கும் ஆள் இல்லை. அடுத்தவர் எவ்வளவு ஆழம் போவார் என்று தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்தால், நல்லவர்கள் வாழும் தெருவிலும் இதே முடிவுதான் வரும்.

இங்கே ஒரு விளக்கம் உருவாகிவிட்டது. அதில் ஒரு விளைவு இருக்கிறது, அதாவது நாம் விளக்க நினைக்கும் விஷயம்: கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போவது. ஒரு காரணி இருக்கிறது, அதாவது மாறும்போது விளைவையும் மாற்றும் விஷயம்: எல்லை வைக்கும் அதிகாரம் இல்லாமை. இரண்டையும் இணைக்கும் இயங்குமுறை இருக்கிறது, அதாவது காரணியிலிருந்து விளைவுக்குப் போகும் படிகள்: ஒருவர் இறக்க, மட்டம் குறைய, பயந்து அடுத்தவர் இறக்க. இந்த மூன்றும் சேர்ந்தால் அது கோட்பாடு. "மனிதர்கள் பேராசைக்காரர்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டால் அதில் இயங்குமுறையும் இல்லை, மாறக்கூடிய காரணியும் இல்லை. எந்தத் தெருவுக்கும் எப்போதும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது.

நாடுகளுக்கு மேல் காவல் நிலையமும் இல்லை, நீதிமன்றத் தீர்ப்பைக் கட்டாயமாக நிறைவேற்றும் ஆளும் இல்லை. ஐ.நா. சபை இருக்கிறது, ஆனால் அதன் பாதுகாப்பு மன்றத்தில் ஐந்து நாடுகளுக்குத் தடுப்பு அதிகாரம் உண்டு. அதனால் ஒரு நாடு தன் தற்காப்புக்கென்று வாங்கும் ஆயுதம் பக்கத்து நாட்டுக்கு மிரட்டலாகத் தெரிகிறது, அதுவும் வாங்குகிறது, கடைசியில் இருவருக்கும் பாதுகாப்பு குறைகிறது. இதைப் பாதுகாப்பு இக்கட்டு என்பார்கள். 1950-இல் ஜான் ஹெர்ட்ஸ் என்ற அறிஞர் இதற்குப் பெயர் கொடுத்து விளக்கினார்.

## தலைவரா, நாடா, உலகமா?

காரணியை எங்கே தேடுவது? கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் இதை மூன்று தளங்களாகப் பிரித்தார். போருக்குக் காரணம் மனிதர்களிடம் இருக்கலாம்: தலைவரின் குணம், பயம், தப்புக் கணக்கு. நாட்டின் உள்ளே இருக்கலாம்: எந்த வகை ஆட்சி, யார் கையில் அதிகாரம். அல்லது நாடுகள் சேர்ந்து வாழும் அமைப்பில் இருக்கலாம்: மேலே யாரும் இல்லாமை, பலம் பங்கிடப்பட்டிருக்கும் விதம்.

இந்தப் பிரிவினை தெரியாததால்தான் பாதி விவாதங்கள் முட்டுச்சந்தில் நிற்கின்றன. ஒருவர் புதினின் மனநிலையைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விரிவாக்கத்தைப் பற்றிப் பேசுவார். இருவரும் மறுப்பதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு தளத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை வந்த இடம்: கோட்பாட்டுக்கு ஒரு விளைவு, ஒரு காரணி, ஒரு இயங்குமுறை வேண்டும். காரணியை மூன்று தளங்களில் தேடலாம். இனி அணுகுண்டுக்கு வருவோம்.

## முதல் விளக்கம்: பயம்

அமைப்புத் தளத்திலிருந்து வரும் விளக்கம் கேட்ட உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனி முந்திவிடுமோ என்ற பயத்தில் அமெரிக்கா தொடங்கியது, 1945-இல் முடித்தது. அமெரிக்காவுக்குப் பயந்து சோவியத் யூனியன், 1949. சோவியத்துக்குப் பயந்து பிரிட்டன் 1952, பிரான்ஸ் 1960. அமெரிக்காவோடும் சோவியத்தோடும் உரசல் இருந்த சீனா, 1964. சீனாவுக்குப் பதிலாக இந்தியா, 1974. இந்தியாவுக்குப் பதிலாகப் பாகிஸ்தான், 1998. சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது.

இவ்வளவு அழகாகப் பொருந்தும்போதுதான் நின்று யோசிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குண்டு செய்தவர்கள் மட்டும்தான். பயந்தும் செய்யாதவர்கள் இதில் இல்லை. விளைவு நடந்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குத் தேர்வுப் பிழை என்று பெயர். பன்னாட்டு அரசியல் பேச்சில் இதுதான் மிகப் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். போர் நடந்த இடங்களை மட்டும் பார்த்துப் போருக்குக் காரணம் சொல்கிறோம். அதே காரணி இருந்தும் போர் நடக்காத இடங்களை யாரும் செய்தியாக்குவதில்லை, அதனால் நம் கண்ணிலும் படுவதில்லை.

## செய்யாதவர்களை எண்ணிப் பார்த்தால்

செய்யாதவர்களைச் சேர்த்ததும் பயக் கோட்பாடு தடுமாறத் தொடங்குகிறது. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியைவிட ஆபத்தான இடத்தில் இருந்த நாடுகள் குறைவு. ஜப்பானுக்கு இரண்டு பக்கமும் அணு ஆயுத நாடுகள். ஏன் செய்யவில்லை?

கோட்பாட்டின் ஆதரவாளர்களிடம் பதில் இருக்கிறது: அமெரிக்கா தன் அணு ஆயுதத்தால் அவர்களைக் காப்பதாக உறுதி கொடுத்திருக்கிறது, அதனால் சொந்தக் குண்டு தேவைப்படவில்லை. நல்ல பதில். தென் கொரியா 1970-களில் ரகசியமாகத் தொடங்கியபோது அமெரிக்கா அழுத்தம் கொடுத்து நிறுத்தியது என்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ஸ்வீடன்? எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு, சோவியத்துக்கு அருகில் இருந்த நாடு. 1950-களில் அணு ஆயுதத்துக்கான ஆய்வைத் தீவிரமாகவே நடத்தியது. கடைசியில் கைவிட்டு, 1968-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அர்ஜென்டினாவும் பிரேசிலும் நெடுநாள் போட்டியாளர்கள். இரண்டும் அணு ஆராய்ச்சியில் மும்முரமாக இருந்தன. 1991-இல் ஒருவர் நிலையத்தை ஒருவர் சோதிக்க ஒரு கூட்டு அமைப்பையே உருவாக்கிவிட்டன.

"அப்படியென்றால் அவர்களுக்கு உண்மையில் பயம் இருந்திருக்காது" என்று சொல்லிவிடலாம் அல்லவா? இங்கேதான் நிறையக் கோட்பாடுகள் செத்துப்போகின்றன. குண்டு செய்தால் "பயந்திருக்கிறார்கள்" என்கிறோம். செய்யாவிட்டால் "பயப்படவில்லை" என்கிறோம். பயம் இருந்ததா என்பதைக் குண்டு இருக்கிறதா என்பதை வைத்தே தீர்மானித்தால், அந்தக் கோட்பாடு ஒருபோதும் தோற்காது. தோற்கவே முடியாத கோட்பாடு எதையும் விளக்கவும் இல்லை. காரணியை, விளைவைப் பார்க்காமல், தனியாக அளக்க வேண்டும்: பக்கத்தில் எத்தனை எதிரிப் படைகள், எல்லைச் சண்டை எத்தனை முறை, காக்கும் கூட்டாளி உண்டா. முதலில் இதை எழுதி வைத்துவிட்டு, பிறகு போய்க் குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கோட்பாடு எந்த நிலைமையில் தவறு என்று ஒப்புக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லும் தன்மைக்குப் பொய்ப்பிக்கும் தன்மை என்று பெயர். யாராவது உங்களிடம் ஒரு பெரிய விளக்கத்தை வைத்தால், "எது நடந்தால் நீங்கள் சொல்வது தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சதித்திட்ட விளக்கங்களுக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

## போட்டிக்கு வரும் மற்ற விளக்கங்கள்

ஒரு விளக்கத்தை அதன் குறைகளைச் சொல்லி மட்டும் வீழ்த்த முடியாது. அதைவிட நன்றாக விளக்கும் இன்னொன்று வேண்டும். 1996-இல் ஸ்காட் சேகன் என்ற ஆய்வாளர் பயத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டை நிறுத்தினார்.

ஒன்று, உள்நாட்டு அரசியல். அணுசக்தித் துறை, ராணுவத்தின் ஒரு பகுதி, வாக்குக் கணக்குப் போடும் அரசியல்வாதிகள் ஆகியோருக்குக் குண்டு வேண்டியிருக்கலாம். வெளி ஆபத்து அவர்களுக்கு ஒரு வாதமாக உதவலாம். இதே தளத்தில் எடெல் சோலிங்கன் என்ற அறிஞர் வேறொரு காரணியைக் காட்டினார்: ஏற்றுமதியையும் வெளிநாட்டு முதலீட்டையும் நம்பி ஆட்சி நடத்தும் கூட்டணிகள் குண்டைத் தவிர்க்கும், ஏனென்றால் பொருளாதாரத் தடைகள் வந்தால் அவர்கள் ஆட்சியின் அஸ்திவாரமே ஆடும். உலகச் சந்தையிலிருந்து ஒதுங்கி நிற்கும் ஆட்சிகளுக்கு அந்தத் தயக்கம் குறைவு. கிழக்கு ஆசியாவும் மத்திய கிழக்கும் ஏன் வெவ்வேறு பாதையில் போயின என்பதற்கு அவர் தரும் விடை இது.

மற்றொன்று, மதிப்பு பற்றிய பொது எண்ணம். 1960-இல் பிரான்ஸ் குண்டு வெடித்தபோது அது வல்லரசுக்கான அடையாளமாகப் பார்க்கப்பட்டது. 1970-இல் பரவல் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, புதிதாக அதே வேலையைச் செய்யும் நாடு விதி மீறியதாகப் பார்க்கப்பட்டது. ஆயுதம் மாறவில்லை, அதற்குக் கிடைக்கும் பெயர் மாறிவிட்டது.

தென்னாப்பிரிக்காவை இந்த மூன்று கண்ணாடியிலும் பார்க்கலாம். 1991-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது; குண்டுகள் இருந்ததையும் பிரித்ததையும் அதிபர் டி கிளார்க் 1993 மார்ச்சில்தான் வெளியே சொன்னார். பயக் கோட்பாடு, "அங்கோலாவில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து நின்ற கியூபப் படை விலக 1988-இல் உடன்பாடு ஏற்பட்டது, ஆபத்து குறைந்தது" என்று சொல்லும். உள்நாட்டுக் கோட்பாடு, "வெள்ளையர் ஆட்சி முடியப் போகிறது, அடுத்து வரும் ஆட்சியின் கையில் குண்டு போகக் கூடாது என்று நினைத்தார்கள்" என்று சொல்லும். மதிப்புக் கோட்பாடு, "ஒதுக்கப்பட்ட நாடு மறுபடி உலகோடு சேர விரும்பியது" என்று சொல்லும். மூன்றும் பொருந்துகின்றன. ஒரே ஒரு நாட்டை வைத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

## போக்ரானை எப்படிச் சோதிப்பது

பல விளக்கங்கள் ஒரே முடிவோடு பொருந்தினால் என்ன செய்வது? முடிவை விட்டுவிட்டு வழியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விளக்கமும் வெவ்வேறு இயங்குமுறையைச் சொல்கிறது. அதனால் வழியில் வெவ்வேறு தடயங்கள் கிடைக்க வேண்டும். இப்படிப் பார்ப்பதற்குத் தடமறிதல் என்று பெயர்.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். 1962-இல் சீனாவுடன் போர், தோல்வி. 1964 அக்டோபர் 16-இல் சீனாவின் முதல் அணு சோதனை. பயக் கோட்பாடு சரியென்றால் இந்தியா அவசர அவசரமாக இறங்கியிருக்க வேண்டும். அல்லது காக்க ஆள் தேடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் தடயம் இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி அரசு வெடிப்பு ஆய்வுக்கு இடம் கொடுத்தது. 1960-களின் நடுவில் அணு வல்லரசுகளிடம் பாதுகாப்பு உறுதி கேட்டும் பார்த்தது, திருப்தியான பதில் கிடைக்கவில்லை. இதுவரை பயக் கோட்பாட்டுக்குச் சாதகம்.

அப்புறம் வண்டி நின்றுவிடுகிறது. ராஜஸ்தானின் போக்ரானில் முதல் சோதனை நடந்தது 1974 மே 18-இல்தான். பத்து ஆண்டு இடைவெளி. 1966 ஜனவரியில் சாஸ்திரியும், அணுத் திட்டத்தை வழிநடத்திய விஞ்ஞானி ஹோமி பாபாவும் இரு வார இடைவெளியில் இறந்துபோனார்கள் என்பது தாமதத்தில் ஒரு பகுதியை விளக்கலாம். அதற்கும் மேல் ஒரு தடயம்: 1974 முடிவை எடுத்தது பிரதமர் இந்திரா காந்தியும் அவரைச் சுற்றியிருந்த சிறு குழுவும் அறிவியலாளர்களும்தான், ராணுவத் தலைமைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. சீனாவை எதிர்கொள்வதற்கான ஆயுதம் என்றால் படைகளோடு சேர்ந்து திட்டம் போட்டிருக்க வேண்டாமா? சோதனைக்குப் பிறகும் தொடர் சோதனை இல்லை. அடுத்தது 24 ஆண்டு கழித்து, 1998 மே மாதம்.

அதனால் உள்நாட்டு அரசியல்தான் காரணம் என்று ஒரே தாவாகத் தாவிவிட முடியுமா? 1974 மே 8-இல் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. பத்தாம் நாள் சோதனை. செல்வாக்கு சரிந்துகொண்டிருந்த நேரம். கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். அணு வெடிப்புக்கான கருவியைப் பத்து நாளில் செய்துவிட முடியாது, சுரங்கத்தைத் தோண்டிவிடவும் முடியாது. வேலை அதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்துகொண்டிருந்தது. காரணம் விளைவுக்கு முன்னால் வர வேண்டும். வேலைநிறுத்தம் சோதனைக்கு முன்னால் வந்தது. சோதனை நடத்தும் முடிவுக்குப் பின்னால் வந்தது. அதனால் அந்த வேலைநிறுத்தத்தைக் காரணமாகக் காட்டும் கதை விழுகிறது. "அறிவியல் நிறுவனமும் பிரதமரின் அரசியல் தேவையும் சேர்ந்தன" என்ற அகலமான உள்நாட்டு விளக்கம் விழவில்லை. அது இன்னும் போட்டியில் இருக்கிறது.

1998-க்கு வந்தால், பிரதமர் வாஜ்பாய் அமெரிக்க அதிபர் கிளின்டனுக்கு எழுதிய கடிதத்தில் சீனாவையே முக்கியக் காரணமாகக் காட்டினார். இதைப் பயக் கோட்பாட்டுக்கு ஆதாரமாக எடுக்கலாமா? கவனமாகத்தான் எடுக்க வேண்டும். தலைவர்கள் வெளியே சொல்லும் காரணம், கேட்பவரைச் சமாதானப்படுத்தச் சொல்லப்படுவது. 1995-இல் பரவல் தடை ஒப்பந்தம் காலவரம்பின்றி நீட்டிக்கப்பட்டது, 1996-இல் முழுச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. கதவு மூடப் போகிறது என்ற அழுத்தம் டெல்லியில் இருந்தது. ராஜீவ் காந்தி, நரசிம்ம ராவ் காலங்களிலேயே தயாரிப்புகள் நடந்திருந்தன. 1995 இறுதியில் போக்ரானில் நடந்த ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்ததும் ராவ் அரசு நிறுத்திவிட்டது. வெவ்வேறு கட்சி ஆட்சிகள் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன என்பது, ஒரு கட்சியின் கொள்கையை மட்டும் காரணமாக்கும் விளக்கத்துக்கு எதிராக நிற்கிறது. ஆனால் ராவ் நிறுத்தியதை வாஜ்பாய் பதவியேற்று இரண்டே மாதத்தில் செய்து முடித்தார்; அந்த நேரத்தைச் சொல்ல உள்நாட்டுத் தளம் வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: ஒரே முடிவுக்குப் பல விளக்கங்கள் பொருந்தும்போது, ஒவ்வொன்றும் வழியில் எந்தத் தடயத்தை எதிர்பார்க்கிறது என்று எழுதி, காலவரிசை, முடிவெடுத்தவர்கள், பேச்சுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

## தவறியதைப் பார்த்துத் திருத்துவது

வால்ட்ஸ் 1993-இல், பனிப்போர் முடிந்த சூடு ஆறும் முன்பே, ஜப்பான் அணு ஆயுத நாடாகும் என்று தன் கோட்பாட்டின் வழியே எதிர்பார்த்தார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அது நடக்கவில்லை. அவருடைய கோட்பாடு மொத்தமும் இதனால் குப்பைக்குப் போய்விடாது. ஆனால் அதன் ஒரு பகுதி, பெரிய பொருளாதாரம் உள்ள நாடு பெரிய ஆயுதத்தையும் தேடும் என்ற பகுதி, பலவீனமாகிவிட்டது. வெளிப்படையாகச் சொல்லியிருந்ததால்தான் எந்தப் பகுதி பலவீனம் என்று நமக்குத் தெரிகிறது.

திருத்தும்போது எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு புதுக் காரணியைச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தனிக் கோட்பாடு இருக்கும். அது மறுபடியும் வரலாறாகிவிடும். ஒரே நாட்டை வைத்து அவசரமாகப் பாடம் சொல்வதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். உக்ரைன் பற்றிய பேச்சு அதற்கு நல்ல உதாரணம். 1991-இல் அதன் மண்ணில் சோவியத் யூனியன் விட்டுச்சென்ற சுமார் 1,900 நெடுந்தூர அணு முனைகள், அதாவது ஏவுகணைகளில் பொருத்தும் அணுகுண்டுகள், இருந்தன. 1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் பாதுகாப்பு உறுதிமொழி பெற்றுக்கொண்டு, 1996-க்குள் அவற்றை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டது. "கொடுத்ததால்தான் அடி வாங்கியது" என்று இன்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறார்கள். அந்த முனைகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது, உக்ரைனிடம் இல்லை. வைத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, கட்டுப்பாட்டைக் கைப்பற்ற ஆகும் காலத்தையும் அதற்குள் வரக்கூடிய பொருளாதாரத் தடைகளையும் ரஷ்யத் தாக்குதலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய கேள்வி.

## இப்போது கவனிக்க வேண்டிய இடம்: தென் கொரியா

வட கொரியா 2006 முதல் 2017 வரை ஆறு அணு சோதனைகள் நடத்தியிருக்கிறது. எல்லையிலிருந்து சியோல் மிக அருகில். தொழில்நுட்பம் இருக்கிறது. சொந்தக் குண்டு வேண்டும் என்ற பேச்சு தென் கொரிய அரசியலில் இப்போது மறைவாக இல்லை. ஆனாலும் 2023 ஏப்ரலில் வாஷிங்டனில் வெளியிட்ட கூட்டறிக்கையில் பரவல் தடை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக அந்நாடு மறுபடி உறுதி சொன்னது. பதிலுக்கு அணு விஷயங்களில் கலந்து பேசும் ஏற்பாட்டை அமெரிக்காவிடமிருந்து பெற்றது.

பயக் கோட்பாடு இங்கே அமெரிக்கப் படைகளையும் உறுதிமொழியையும் பார்க்கச் சொல்கிறது. சோலிங்கன் காட்டும் வழி, ஏற்றுமதியை நம்பி நிற்கும் பொருளாதாரத்தைப் பார்க்கச் சொல்கிறது. மதிப்புக் கோட்பாடு, ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதை அந்நாட்டு மக்களும் அதிகாரிகளும் இன்னும் அவமானமாக நினைக்கிறார்களா என்று கேட்கிறது. அமெரிக்கப் படை விலகிய பிறகும் தென் கொரியா குண்டு செய்யாமல் இருந்தால், காக்கும் கூட்டாளி இருந்ததால்தான் செய்யவில்லை என்ற விளக்கம் அங்கே தோற்றுவிட்டது. படை அங்கேயே இருக்கும்போதே, சந்தைகளை இழக்கும் ஆபத்தோடு செய்யத் துணிந்தால், கூட்டாளி விளக்கமும் வணிக விளக்கமும் சேர்ந்தே அடி வாங்கும். அப்போது நாம் இதுவரை யோசிக்காத நான்காவது காரணியைத் தேட வேண்டியிருக்கும்.